மாமா பண்ணை ஆர்டர்

கேம்பஸ் இண்டர்வியூவில் மார்க்கெட்டிங் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சொந்த ஊரு நாமக்கல் பக்கமா? சொந்தக்காரங்கள்ல யாராச்சும் கோழிப்பண்ணை வெச்சிருக்காங்களா?" என்றுதான் கேட்டார் மேனேஜர் முருகானந்தம். நானும் பெருமை பொங்க, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா என்று ஒப்பித்தேன். கூறுகெட்டவள். எம்பிஏ படித்த மூளைக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

கோழிகளுக்கு ஈரல் டானிக் விற்கிற கம்பெனி அது. ஆபீஸ் சேலம் சூரமங்கலத்தில். சேர்ந்த வாரம் ராத்திரியெல்லாம் கண் விழித்து ஒரு பிரசன்டேஷன் செய்துகொண்டு போனேன். அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலேஜ் வெளையாட்டெல்லாம் காலேஜோட போச்சும்மா. பெரியப்பாவுக்குப் போன் போடு" என்றார்.

பெரியப்பா வாங்கினார். சித்தப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கினார். பாக்கி மாமா மட்டும்தான். அவருடையதுதான் எல்லாவற்றிலும் பெரிய பண்ணை. அவர் ஆர்டர் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் இந்த மாதத்தோடு நடையைக் கட்டு என்று சொல்லிவிட்டார் முருகானந்தம். அம்மாவோ என் மகள் ஆபீசர் ஆகிவிட்டாள் என்று ஊரெல்லாம் தமுக்கடித்து வைத்திருந்தாள்.

மாதக் கடைசி நாள் காலையில், முதலில் புதுச்சத்திரம் பக்கம் ஒரு பண்ணைக்கு என்னைக் காரில் கூட்டிப்போனார் முருகானந்தம். ஷெட்டில் கோழிகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தன. "டாக்டர்தான் வந்துட்டாருன்னு கேட்டைத் தொறந்துட்டனுங்க. வெள்ளைக்கழிச்சலுங்க, ஒட்டிக்கிற நோவுங்க. டானிக்கை வெச்சு நான் என்னங்க பண்றது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் பண்ணைக்காரர்.

காரில் ஏறியதும் முருகானந்தம், "சரி, உங்க மாமா பண்ணைக்கு வழி சொல்லு" என்றார்.

எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஒரு பண்ணைக்குள் போய்வந்தவர்கள் அன்றைக்கு இன்னொரு பண்ணைக்குள் கால் வைக்கக் கூடாது. நோய் செருப்பில் வரும், டயரில் வரும், துணியில் வரும்.

"குளிச்சு, துணி மாத்திட்டு நாளைக்குப் போலாங்க சார்."

"இன்னைக்கோட மாசம் முடியுது. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"எங்கிருந்து வர்றீங்கன்னு மாமா கேப்பாருங்க சார்."

"நேரா ஆபீஸ்ல இருந்துன்னு சொல்லு. உன்னைய எதுக்கு எடுத்தேன்னு நெனச்சே? உன் மார்க்குக்கா? நீ சொன்னா கேட்டைத் தொறப்பாங்க. அதுக்குத்தான்."

பாவி. என் மாமா என்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்குத்தான் இத்தனை நாளும் எனக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறான். உள்ளே பற்றி எரிந்தது. ஆனாலும் வழி சொன்னேன். அம்மாவின் முகம் கண்முன் வந்து நின்றதே, என்ன செய்ய?

காரைப் பண்ணை கேட்டுக்கு முன்னால் நிறுத்தி இறங்கினோம். மாமா கேட்டுக்கே வந்துவிட்டார். "வா சாமி! என்ன இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்று சிரித்தவர், முருகானந்தத்திடம், "ஏனுங்க, இன்னைக்கு வேற பண்ணைக்குப் போனீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நேரா ஆபீஸ்ல இருந்து வர்றோம்."

மாமா அந்தப் பதிலைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தார். "அப்படியா கண்ணு?" கை கேட்டின் கொண்டியில் இருந்தது. முருகானந்தம் ஷூவால் என் காலை அழுத்தினார்.

"போனோங்க மாமா. புதுச்சத்திரத்துல. அங்க கழிச்சலுங்க, கோழி செத்துட்டிருக்குதுங்க."

மாமாவின் கை கொண்டியிலிருந்து விலகியது.

"நீ சோத்துக்கு லாட்டரி அடிக்கப்போறே பாரு. இனிமே ஆபீஸ் பக்கம் வராதே!" என்று கத்திவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார் முருகானந்தம். போய்த் தொலையட்டும். மாமா என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீராவது கொடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"தள்ளி நில்லு" என்றார் மாமா. கிருமி கொல்லும் மருந்து பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே டயர் தடத்தின்மேல் அடித்தார். பிறகு என் கால்மேலும் அடித்தார்.

"தெரிஞ்சும் இவ்வளவு தூரம் வந்தியே, உனக்கு எப்படி மனசு வந்துது? செருப்பை அங்கியே உட்டுட்டுப் போ."

"எனக்கு வேலை போச்சுங்க மாமா."

"வேலை போனா வேற வேலை. என்ற கோழி போனா நான் நடுத்தெருவுல நிக்கோணும்."

உடனே பெரியப்பாவுக்குப் போன் போட்டார். "அந்தக் கம்பெனிக்காரன் வந்தா கேட்டைத் தொறக்காதீங்க. ஆமாங்க, நம்ம அறிவுமதிதான். அவ வந்தாலும் தொறக்காதீங்க."

வெறுங்காலோடு நடந்தேன். முருகானந்தத்தின்மேல் வந்த ஆத்திரத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் மாமாவின்மேலும் வந்தது. பஸ் ஸ்டாப் போய்ச் சேருவதற்குள் அம்மா போனில் வந்துவிட்டாள்.

"ஆர்டர் குடுத்துட்டானா சாமி?"

"இல்லம்மா."

"ஏன்? நீ ஒரு வார்த்தை சொன்னா உன்ற மாமன் அப்படியே நம்புவானே. நம்பலியா?"

"நம்பிட்டாரும்மா" என்றேன். தார் ரோடு காலைச் சுட்டது.