வெள்ளிக்கிழமைப் பதிப்பு

செல்வராசாவின் அரிசி ஆலையில் கட்டுப்பாட்டுப் பெட்டியை இரும்பு அலவாங்கால் அடித்து நொறுக்கியது நான்தான். யார் கேட்டாலும் ஒளிக்கமாட்டேன். அடித்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிந்தி அடித்தேனே என்ற வருத்தம்தான்.

என் பெயர் ஷமீலா. மென்பொருளைப் பரிசோதிப்பது என் வேலை. நெளுக்குளத்தில் ஒரு வன்பொருள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நிஷாந்தன் முதலாளி. மென்பொருளை எழுதுபவர் றஸ்மி நானா. பிழை பிடிப்பவள் நான். எழுதியவனுக்குத் தன் பிள்ளை மூக்கு ஒழுகினாலும் அழகுதான். ஒழுகுகிறது என்று சொல்லி எல்லாரிடமும் கெட்ட பெயர் வாங்கத்தான் எனக்குச் சம்பளம்.

அரிசி ஆலைகளின் மோட்டார்களை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற மென்பொருள் எங்களுடையது. இங்கிருந்தபடியே இணையத்தில் புதிய பதிப்பை ஏற்றினால், கிளிநொச்சியில் செல்வராசாவின் ஆலைப் பெட்டி அதன்படி நடக்கும். எங்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெள்ளிக்கிழமை எதையும் ஏற்றுவதில்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகும் றஸ்மி நானா கைப்பேசியை அணைத்துவிடுவார். பிழை வந்தால் பழைய பதிப்புக்குத் திருப்ப அவரை விட்டால் ஆளில்லை.

செல்வராசாவுக்கு ஒரு புது ஆசை வந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு இயந்திரத்தையும் ஆள் போய்ப் பொத்தானை அமத்தித்தான் ஓடவைக்க வேண்டும். அதுவும் தானாக ஓடவேண்டும் என்றார். றஸ்மி நானா எழுதிக் கொடுத்தார். மேசையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆலையையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்று புதன்கிழமை பஸ் ஏறினேன்.

அங்கே கிடங்கிலிருந்து நெல்லை மேலே தள்ளுகிற இரும்புத் திருகு ஒன்று இருக்கிறது. ஈர வைக்கோல் சிக்கினால் இறுகிவிடும். மாயாண்டி அண்ணன்தான் அதைத் துப்புரவாக்குபவர். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். நான் நிற்கும்போதே கரண்ட் போனது. அவர் உடனே தோள்வரை கையை விட்டு வைக்கோலை இழுக்கத் தொடங்கினார்.

"அண்ணன், நிப்பாட்டுற சுவிச்சை அமத்தேல்லையோ?"

"எதுக்குப் புள்ள? கரண்டு போச்சுன்னா மிசின் செத்த பாம்பு. நாங்க பாத்துக்கிட்டு இருக்கிறதே கரண்டு எப்ப போகும்னுதான்."

அந்த ஆலையில் எல்லாரும் அப்படித்தான். கரண்ட் போகும் நேரம்தான் கையை விடும் நேரம். நாங்களோ அந்த நேரத்தில் இயந்திரம் தானாக ஓடுவதற்கு எழுதிக்கொண்டிருந்தோம். ஆபத்துக்கு அமத்துகிற சிவப்புப் பொத்தானைத் தேடினேன். அது நெல் மூட்டை அடுக்குக்குப் பின்னால் கிடந்தது.

வியாழக்கிழமை நிஷாந்தனிடம் சொன்னேன்.

"சும்மா பயப்பிடாதையும் ஷமீலா. கை விடாதையுங்கோ எண்டு அவையளுக்குச் சொல்லிவிட்டாச் சரி."

"சொன்னால் கேக்கிற பழக்கமோ அது? கையைத் துண்டாக்கிப்போட்டுத்தான் சரிபாப்பம் எண்டுறியளோ, நிஷாந்தன் அண்ணா?"

"அறுவடை நேரம். செல்வராசா அண்ணை ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார்."

என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை சுவரில் பட்டுச் சிதறியது. அதற்குப் பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார். அவையள் கை விடுறதைப் படம் எடுத்து வாரும், திங்கள் கதைப்பம், அதுவரை ஏத்தமாட்டன் என்றார். நம்பினேன்.

படம் எடுக்க வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். பஸ் கிளிநொச்சியை நெருங்கும்போது கைப்பேசியில் செய்தி வந்தது. "செல்வராசா அண்ணை ஏசினார். ஏத்திட்டன். கோவிக்காதையும்."

றஸ்மி நானாவுக்கு எடுத்தேன். அணைத்திருந்தது. பள்ளியில் குத்பாப் பிரசங்க நேரம். நிஷாந்தனுக்கு எடுத்தேன்.

"உடன பழசுக்குத் திருப்புங்கோ!"

"எனக்குத் திருப்பத் தெரியாது. றஸ்மி வரட்டும்."

செல்வராசாவுக்கு எடுத்தேன். "ஓம் தங்கச்சி, ஏத்தினாப் பிறகு எல்லாம் நல்லா ஓடுது" என்று சொல்லி, நான் வாயைத் திறக்குமுன் வைத்துவிட்டார்.

பஸ்ஸால் குதித்து ஓடினேன். ஆலை வாசலை நான் மிதிக்கவும் உள்ளே இரைச்சல் அடங்கவும் சரியாக இருந்தது. கரண்ட் போய்விட்டது. தூசிக்குள் மாயாண்டி அண்ணனின் முதுகு தெரிந்தது. கை உள்ளே.

"கையை எடுங்கோ! அண்ணன், கையை எடுங்கோ!"

அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தப் பிள்ளை திரும்பவும் வந்துவிட்டதே என்கிற சிரிப்பு. பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. திருகு சுற்றியது.

அவர் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தமிழ் தெரியாது. திருகு அவரைத் தோளோடு வாய்க்குள் இழுத்தது. முகம் இரும்பில் மோதியது, மோதியது, மறுபடியும் மோதியது. நெல் சிவந்து மேலே ஏறியது. ஆட்கள் மூட்டைகளைச் சரித்துச் சிவப்புப் பொத்தானைத் தேடினார்கள். ஒருவர் அண்ணனின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். சுவரில் சாத்தியிருந்த அலவாங்கை நான் தூக்கினேன். எங்கள் பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. எல்லாம் சரி என்பதற்கு றஸ்மி நானா வைத்த விளக்கு. அதற்கு மேலேயே முதல் அடியைப் போட்டேன். மூடி பிளந்தது. அடுத்த அடியில் கண்ணாடி என் கன்னத்தைக் கிழித்தது. நெருப்புப் பறந்தது. அடித்துக்கொண்டே இருந்தேன். மோட்டார்கள் நின்ற பிறகும் அடித்தேன்.

அண்ணனின் வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. வைத்தியசாலை வாசலில் அவருடைய மனைவி பேச்சியம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதா. அவவைப் பிடிக்கப் போன என் சட்டை முழுக்க அவருடைய இரத்தம். அதைப் பார்த்து அவ இன்னும் கத்தினா.

நிஷாந்தன் சொன்னது இதுதான். "மென்பொருளில பிழை இல்லை. கேட்டதைத்தான் செய்தது." புதுப் பெட்டி வாங்குவோம், அதே பதிப்பு, ஓடுவதற்கு முன் ஒரு மணி அடித்தால் போதும் என்றார். றஸ்மி நானா எழும்பி அவருடைய கன்னத்தில் அறைந்தார். தொழுகையில் கைகட்டி நிற்கிற மனிதர் அடித்து அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு இருவரும் கழுத்துச் சட்டையைப் பிடித்து மேசையோடு விழுந்தார்கள். நான் விலக்கவில்லை.

அடுத்த வாரம் றஸ்மி நானா வேறொரு பதிப்பு எழுதினார். கரண்ட் வந்தாலும் ஆள் போய்ப் பொத்தானை அமத்தும்வரை எதுவும் அசையாது. மாட்டுத்தீன் அரைப்பவர் ஒருவரின் சிறிய திருகில் புதுப் பெட்டியைப் பூட்டி, பழைய சட்டைக் கைக்குள் வாழைத்தண்டைச் செருகி உள்ளே வைத்துப் பார்த்தேன். பழைய பதிப்பு தண்டைச் சக்கையாகத் துப்பியது. புதியது தொடவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிஷாந்தனுக்கு நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் செல்வராசாவுக்குப் பயந்து மாற்றிவிடுவார். ஒரு மாதம் கழித்து, பெட்டிக்குள் மணி அடிக்கிற பதிப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அவரே ஆலையில் அதைப் பூட்ட வந்தார்.

ஆலை வாசலில் மாயாண்டி அண்ணன் கதிரையில் இருந்தார். செல்வராசா காவல் வேலை கொடுத்திருந்தார். வலது சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. நிஷாந்தன் அவரைப் பார்க்காமல் உள்ளே போய், பெட்டியைப் பூட்டித் திருகை ஓடவிட்டு, அதைத் தட்டி, "இனிப் பிரச்சினை இல்லை" என்றார். அப்போதுதான் கரண்ட் போனது.

நான் யோசிக்கவில்லை. அவருடைய இடக்கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினேன். வலக்கையைத் திருகின் வாய்க்குள் தோள்வரை தள்ளி, முழங்காலால் முதுகை அமுக்கினேன்.

"விசரி! விடும்! றஸ்மி, இவளைப் பிடியும்!"

றஸ்மி நானா கதவடியில் அசையாமல் நின்றார்.

"பிழை இல்லை எண்டு சொன்னனீங்களெல்லோ? பிறகென்ன பயம்?"

"மணி அடிக்கும், மணி அடிச்சா எடுக்கலாம்..."

"அப்ப மணி அடிக்கட்டும்."

ஜெனரேட்டர் உறுமியது. நிஷாந்தன் அம்மா அம்மா என்று கத்தினார். இரும்பில் நெற்றியை அடித்தார், பல்லால் என் கையைக் கடித்தார். இரத்தம் வந்தது, நான் விடவில்லை. விளக்குகள் எரிந்தன. மின்விசிறி சுற்றியது. மணி அடிக்கவில்லை. திருகும் அசையவில்லை.

விட்டேன். நனைந்த காற்சட்டையோடு அவர் நெல்லுக்குள் சரிந்து தன் கையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"பரிசோதனை சரி. ஏத்தலாம்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. அதை மறைக்க விரும்பவில்லை.

சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்த மாயாண்டி அண்ணன் குனிந்து, இருக்கிற ஒற்றைக் கையால் நிஷாந்தனைத் தூக்கி நிறுத்தினார். அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த நெல்லையும் தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே இவரு கைய இப்பிடி வச்சுப் பாத்திருந்தா, ஏங் கை இருந்திருக்கும்ல புள்ள?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் திரும்பிப் போய்த் தன் கதிரையில் இருந்தார்.