நீலக் கோடு ஏறியபோது

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, கண்ணு கூசுது."

தையல்காரர் டேப்லெட்டை மனைவியின் முகத்துக்கு நேரே சாய்த்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார். நேற்றெல்லாம் கண் திறக்கவே பாடுபட்டவள், காலையில் தன் தம்பி வேலையிடத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டதும் முதுகுக்குத் தலையணை வைக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பார்த்துவந்த, அஸ்திவாரத் தூண்களைச் சோதிக்கும் வேலையைத்தான் இப்போது தம்பி பார்க்கிறான். பள்ளிக்கூடக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்காக, குழாய்போல் உள்ளீடற்ற கான்கிரீட் தூண்களை ராட்சதச் சுத்தியலால் மண்ணுக்குள் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தூணின் தலையில் பொருத்திய சென்சார்கள் ஒவ்வொரு அடியையும் திரையில் சிவப்பு, நீலம் என இரண்டு கோடுகளாக வரைந்தன.

"அதிர்வு அடிமுனை வரைக்கும் போய்த் திரும்பணும். அதுக்குள்ள நீலக் கோடு சிவப்பத் தாண்டி மேல ஏறுச்சுன்னா, நடுவுல எங்கயோ விரிசல்," என்றாள் அவரிடம்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் இதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. இன்று இமை கொட்டவில்லை. தொம். தொம். தொம்.

"ஏய், ஏறுது! நீலம் ஏறுது!" கத்தியது அவர்தான்.

"டேய் தம்பி, சுத்தியல நிறுத்தச் சொல்லு!"

சத்தம் நின்றது. மேஸ்திரியின் குரல் கேட்டது. "இன்னும் ஒரு முழம்தான் மேடம். தலை கல்லு மாதிரி இருக்கு."

"தலை நல்லாத்தாங்க இருக்கும். இடுப்பு போயிருச்சு. இன்னும் அடிச்சா ரெண்டாயிரும். மேல நாலு மாடிக்குப் பிள்ளைங்க உக்காரப்போகுது. தம்பி, கேமராவ உள்ள இறக்கு. பாதிக்குக் கொஞ்சம் கீழ பாரு."

கயிற்றில் கட்டிய கேமரா இறங்கியது. சாம்பல் சுவர். இன்னும் சாம்பல் சுவர். அவள் விரல்கள் அவர் மணிக்கட்டை இறுக்கின. எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பலம்!

சட்டென்று வட்டமாக ஒரு கறுப்பு வெடிப்பு. அதன் வழியே சேறு கசிந்துகொண்டிருந்தது.

"அக்கா! சொன்ன இடத்துலயே!"

"அடேங்கப்பா!" என்றார் மேஸ்திரி. யாரோ விசில் அடித்தார்கள்.

அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "நீங்கதாங்க முதல்ல பாத்தீங்க. பேசாம கடையப் பூட்டிட்டு வாங்க, வேலை போட்டுத் தர்றேன்."

"சம்பளம் எவ்வளவு தருவ?"

"சம்பளமெல்லாம் கிடையாது. சாப்பாடு மட்டும்தான்." மூச்சு வாங்கியது. "கொஞ்சம் சாஞ்சுக்கறேங்க."

அவர் தோளிலேயே சாய்ந்தாள். சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவர் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"அக்கா, இதுக்கு ரெண்டு பக்கமும் புதுசா ஒவ்வொண்ணு அடிச்சிரலாமா? மிச்சத்துக்கெல்லாம் சுத்தியல் விழற உயரத்தக் குறைச்சிரச் சொல்றேன். மேஸ்திரி உன்னப் பாக்கணுங்கறாரு. மாமா, கேக்குதா?"

தம்பியின் முகம் வியர்வையும் சிரிப்புமாகத் திரையை நிறைத்திருந்தது. தையல்காரர் தன் முகம் மட்டும் தெரியும்படி டேப்லெட்டைத் திருப்பிக்கொண்டார்.

"கேக்குதுப்பா," என்றார். "நீ முழுசாச் சொல்லு."