டாக்கெட் ருசி பார்க்காத தட்டு

எங்கள் இண்டியானா ஊர் வாரப் பத்திரிகையில் பத்தியின் அடியில் இரண்டு வரி இடம் மிஞ்சினால், ஆசிரியனான நான் லெமுவேல் டாக்கெட்டைக் கூப்பிடுவேன். "மனம் திருந்தியவனும் புதுச் செருப்பும் ஒன்று, அடி வைக்கும்போதெல்லாம் சத்தம் போடும்" என்பதுபோல ஏதாவது எழுதித் தருவார். ஊரில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, கத்தரித்து அந்தப் பக்கத்து வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

மனிதர்களை இவ்வளவு அறிந்தவர் என்பதால், அந்த வருடச் சந்தையில் ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' பலகாரப் போட்டிக்கு அவரையே நடுவராகப் போட்டார்கள். முந்தைய நடுவர் அயோவாவுக்குக் குடிபோயிருந்தார்.

டாக்கெட் பதினோரு வருடமாகத் திருமதி பிளிஸ் வீட்டில் சாப்பாட்டோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த அம்மாளும் போட்டியில் இருந்தார். பரிசு கொடுத்தால் ஊர் சிரிக்கும். கொடுக்காவிட்டால் பெட்டி தெருவுக்கு வரும். ஊரில் இன்னும் ஒரே ஒரு தங்கும் வீடு உண்டு. அதை நடத்திய திருமதி குவின்பியும் போட்டியில் இருந்தார்.

தட்டுகளில் எண் மட்டும்தான். ஆனால் உள்ளே வேகும்போது எழும் ஆவி வெளியேற மேல் மாவில் ஒரு கீறல் போடுவார்கள். அதில் ஒவ்வொரு அம்மாளுக்கும் ஒரு வடிவம். திருமதி பிளிஸ் போடுவது இலை. அது ஊருக்கே தெரியும்.

"என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன்.

"நேர்மையா இருக்கப்போறேன்யா. நானூறு பேர் பாக்குறாங்க, வேற வழி?"

மூன்றாவது தட்டில் இலை இருந்தது. டாக்கெட் கரண்டியை அதற்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாயில் வைக்காமலே நகர்ந்தார். நட்சத்திரம் கீறிய ஐந்தாவதில் முதல் பரிசான நீல ரிப்பனைக் குத்திவிட்டு, தியாகிபோல நிமிர்ந்து நின்றார்.

ஐந்தாம் எண்ணுக்குரிய பெயரை வாசித்தார்கள். ஹெஸ்டர் பிளிஸ்.

"பதினோரு வருஷமா தின்னது பேசுதப்பா," என்றான் கொல்லன் ஆர்லோ. கூட்டம் குலுங்கியது.

திருமதி குவின்பி முன்னால் வந்தார். "அந்த இலை நான் போட்டது. இலையைப் பாத்தா கண்ண மூடிக்கிட்டு ரிப்பனைக் குத்திடுவாருன்னு நெனச்சேன்."

"உனக்கு ஆளைத் தெரியலடி," என்றார் திருமதி பிளிஸ். "தெனம் என் மேசையில பாக்குறேன். நாலு பேர் கூடிட்டா இவருக்கு நேர்மை பொத்துக்கிட்டு வரும். என் இலையைக் கண்டா ஓடிடுவாரு. அதான் நட்சத்திரம் போட்டேன்."

டாக்கெட் அத்தோடு சும்மா இருந்திருந்தால் அறை நிலைத்திருக்கும். ஆனால் ஆர்லோ சிரிப்பை நிறுத்தவில்லை.

"கேளுங்கய்யா," என்றார் டாக்கெட். "அது இந்தம்மாவோடதுன்னு எனக்குச் சத்தியமா தெரியாது. பதினோரு வருஷம் தின்னவன் நான். தெரிஞ்சே குத்துவேனா?"

திருமதி பிளிஸ் ரிப்பனை நிதானமாகத் தன் மேலங்கியில் குத்திக்கொண்டார். "ராத்திரி சாப்பாடு ஆறு மணிக்கு, மிஸ்டர் டாக்கெட். உங்களுக்கு இல்ல."

ஐந்து மணிக்குப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை நானும் தூக்கிக்கொண்டு திருமதி குவின்பி வீட்டு வாசலுக்குப் போனோம். அந்த அம்மாள் படியை மறித்துக்கொண்டு நின்றார். கையில் மூன்றாவது தட்டு.

"இதை ருசிகூடப் பாக்கல, இல்ல?"

"இல்லம்மா."

"உக்காருங்க."

பெட்டி மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. பட்டைத்தூள் தாராளம். அடி மாவு வேகவில்லை. சர்க்கரை போட மறந்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

டாக்கெட் மென்று முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"முதல் பரிசும்மா," என்றார். "இன்னும் ஒரு துண்டு இருக்குமா?"

கோழிக்கூட்டைப் பார்த்த பின்பக்க அறை கிடைத்தது. மூன்றாவது துண்டு கேட்டிருந்தால் முன்பக்க அறையே கிடைத்திருக்கும் என்று திருமதி குவின்பி பிறகு என்னிடம் சொன்னார்.