சம்சுன்னிசா வீட்டுக் கீரை

நாளைக் காலை ஜப்பான் அதிகாரிகள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்று கணவர் பேரின்பநாயகம் வந்து சொன்னபோது, இரஞ்சிதம் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பிஞ்சுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரட்டுமே என்று சிரித்தாள். காட்டுவதற்குத்தான் இவ்வளவு இருக்கிறதே.

அவர் சிரிக்கவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் பாத்தி ஓரத்தில் வந்து நின்றார். "எல்லாத்தையும் பிடுங்கிப் போடும்" என்றார்.

போன வருஷம் ஒவ்வொரு வீட்டிலும் காய்கறி போட வேண்டும், போடாவிட்டால் அரிசி குறையும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டபோது, ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டு வரிசையில் இவர்களைப் போல முழித்தவர்கள் யாருமில்லை. அவர் கந்தோரில், அதாவது அரசாங்க ஆபீஸில், பேனா பிடித்த கை. அவள் சிரம்பானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கீரை கட்டுக் கட்டாகவே விளைகிறது என்று நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கடுகைவிடச் சிறிய கீரை விதையை ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு, முளைக்கவில்லையே என்று புருஷனும் பெண்சாதியும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். சர்க்கரைவள்ளிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியே அழுக வைத்தார்கள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. விதையை மணலோடு கலந்து தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். சந்தையில் வாங்கிய கங்கோங் என்ற தண்ணீர்க் கீரையின் இலையைச் சமைத்துவிட்டுத் தண்டைக் குளிக்கிற தண்ணீர் ஓடும் சேற்றில் குத்தி வைத்தால் அதுபாட்டுக்கு வேர்விடும். கீரையை வேரோடு பிடுங்காமல் கணு விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். மரவள்ளியே தின்று வாய்ப்புண்ணோடு அழுதுகொண்டிருந்த மகள் சரோஜினி இப்போது கீரைக் குழம்புக்குத் தட்டை நீட்டினாள். இரஞ்சிதம் வாழ்க்கையில் இதுவரை எதிலும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியதில்லை. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் பாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

"ஏனப்பா? உங்களுக்கென்ன விசரே?" பைத்தியம் பிடித்தவரைப் பார்ப்பதுபோல் இரஞ்சிதம் புருஷனைப் பார்த்தாள்.

"துரைசாமியை மறந்திட்டீரே?"

மறக்கவில்லை. அடுத்த தெருத் துரைசாமியின் தோட்டத்தைத்தான் போன தடவை மெச்சினார்கள். முதுகில் தட்டிக்கொடுத்து, நல்ல விவசாயி என்று சொல்லி, பெண்டு பிள்ளைகளோடு படகில் ஏற்றிக் கடலுக்கு அந்தப் பக்கம் காடு வெட்ட அனுப்பினார்கள். காய்ச்சலில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

"இந்த முறையும் ஆள் எடுக்கினமாம். கந்தோரிலை என்ர காதாலை கேட்டன். நான் சொன்னது வெளியிலை தெரிஞ்சா என்ர தலை போகும். வாயைத் திறக்காதையும்."

"ஒண்டும் இல்லாட்டி அரிசியை வெட்டுவாங்களே?"

"கொஞ்சம் கிடக்கட்டும். வாடிப் போய்க் கிடக்கட்டும்."

முதல் கீரையைப் பிடுங்கி, வேர் மண்ணை உதறாமல் ஓரமாக வைத்தாள். இடுப்புயரச் சுவருக்கு அப்பாலிருந்து சம்சுன்னிசா எட்டிப் பார்த்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்துல் காதரின் மனைவி. அவள் எதைப் போட்டாலும் அவளுடைய கோழிகளே கிளறித் தின்றுவிடும்.

"என்னக்கா, இம்புட்டு நல்ல செடியப் பிடுங்குறீங்க? எனக்குத் தாங்களேன். நாளைக்கு வெறுந்தரையப் பாத்தான்னா எங்க அரிசிய நிறுத்திருவான்."

பாதி இங்கே, பாதி அங்கே. இரண்டு வீட்டிலும் சுமாராக இருக்கும், யாரையும் மெச்ச மாட்டார்கள் என்று இரஞ்சிதம் கணக்குப் போட்டாள். விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அடுப்படி வாசலில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எடுங்கோ, சம்சு" என்று மட்டும் சொன்னாள்.

வினை எங்கே வந்தது என்றால், சம்சுன்னிசா தென்னம்பிள்ளை வைக்கிற மாதிரி குழி தோண்டியதில் வந்தது. இரஞ்சிதத்துக்குப் பொறுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டிவிட்டாள். கோழிகளைக் கூடையில் கவிழ்த்தாள். தாய்மண் உதிராமல் கீரையைப் பெயர்த்து வரிசையாக நட்டாள். கங்கோங்கை ஈரத்தில் குத்தினாள், வாடாமலிருக்க வாழை இலையை மேலே சாய்த்து மூடினாள். கெட்டுப்போகிற மாதிரி நட அவள் கைக்குத் தெரியவில்லை.

காலையில் ஜப்பான் அதிகாரி இரஞ்சிதத்தின் பாத்தியைப் பூட்ஸ் முனையால் கிளறிப் பார்த்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழர்தான். "சோம்பேறி வீடுன்னு சொல்றாரு. அடுத்த தடவ ஒழுங்கா இருக்கணும்" என்றார். பேரின்பநாயகம் இடுப்பு வளையக் கும்பிட்டுப் பெருமூச்சு விட்டார். தப்பித்தோம் என்று அவளும்தான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சோம்பேறி என்ற சொல்லில் காது இரண்டும் எரிந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்தே விட்டார். நிமிர்ந்து நின்ற கீரையைத் தொட்டார். மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். "யோரோஷி" என்றார். நல்லது என்று அர்த்தம்.

"யாரு போட்டது? நீயா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

சம்சுன்னிசா ஓரக்கண்ணால் இரஞ்சிதத்தைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். "ஆமாங்க, நான்தான்." இடுப்பில் இருந்த குழந்தை அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"பேரு என்னம்மா?" மொழிபெயர்ப்பாளர் நோட்டைத் திறந்தார்.

பேரின்பநாயகம் மனைவியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். இரஞ்சிதம் கையை உதறினாள்.

"அது நான் நட்டது" என்றாள். "கீரை, கங்கோங் எல்லாம் நான் வளத்தது. அவவுக்கு நடத் தெரியாது."

பயத்தில் தேவைக்கு மேல் சத்தமாகத்தான் சொன்னாள். ஆனாலும் கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமை வந்து ஒட்டிக்கொண்டதை அவளால் மறைக்க முடியவில்லை. சம்சுன்னிசாவின் முகம் விழுந்துபோயிற்று. "என்னக்கா இது, குடுத்துட்டு இப்பிடிப் பண்றீங்களே" என்று மெல்லக் கேட்டாள்.

அதிகாரி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு சுவரருகே வந்தார். கையைக் காட்டு என்று சைகை செய்தார். இரஞ்சிதம் இரண்டு கைகளையும் சுவரின்மேல் விரித்து வைத்தாள். நேற்றைய மண் நகக்கண்களில் கறுப்பாக அப்படியே இருந்தது.