முதலிடம் பிடித்த மோசமான பாட்டு

இதுவரைக்கும் பதிவான பாட்டுலயே படுமோசமானது எதுன்னு ஒரு வானொலி நிலையம் ஓட்டெடுப்பு நடத்துச்சு. முதலிடம் எங்க அப்பாவும் அம்மாவும் பாடின பாட்டுக்கு. ரெண்டாவது இடத்துல இருந்தது நாய் குரைக்கிற பாட்டாம். அதையே நாங்க ஜெயிச்சுட்டோம்.

எனக்கு ஆத்திரம் தாங்கல. அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. "எல்லாம் உங்கப்பாவாலதான். சரணத்துல மனுஷனுக்கு சுருதி எங்கயோ ஓடிப்போச்சு"ன்னு தையல் மெஷினை மிதிச்சுக்கிட்டே சிரிக்கிறாங்க. நான் பிறந்ததுலேருந்து கேக்குற கதை இது. அப்பாவும் வழக்கம்போல "ஆமாம்மா, என் தப்புதான்"னு தலையாட்டிட்டு, லிஃப்ட் ரிப்பேர் பண்ணுற சாமான் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டார். ஒரு காலத்துல கச்சேரிக் குழுவுல பாடிட்டிருந்தவர் அவர். அந்தப் பாட்டு வந்ததுக்கப்புறம் ஒரு ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கல.

நிலையத்துக்காரங்க ரெண்டு பேரையும் நேரலைக்குக் கூப்பிட்டாங்க. கூப்பிட்டு வச்சுக் கிண்டல் பண்ணத்தான், வேற எதுக்கு? அப்பா பேரைக் காப்பாத்தியே ஆகணும்னு, பாட்டை எடுத்துக்கிட்டு ஒலிப்பதிவு பண்ணுற அண்ணன் ஒருத்தர்கிட்ட ஓடினேன். "அப்பா குரலை மட்டும் சரி பண்ணிக் குடுங்கண்ணே."

அவர் ரெண்டு குரலையும் கம்ப்யூட்டர்ல தனித்தனியா பிரிச்சு, ஹெட்ஃபோனை என் காதுல மாட்டினார். பல்லவியில அப்பா தனியா பாடுறார், குரல் கம்பி மாதிரி நிக்குது. சரணத்துல அம்மா சேருறாங்க, சேரும்போதே அரை சுருதி மேல. அப்பா ஒரு வரி தன் இடத்துலயே பாடிப் பார்க்குறார். அடுத்த வரியில வாத்தியத்தையெல்லாம் அம்போன்னு விட்டுட்டு அம்மா கூடவே போயிடுறார்.

"உங்கப்பாகிட்ட சரி பண்ண ஒண்ணும் இல்லம்மா. அவராவே போயிருக்கார்"னார் அண்ணன்.

அந்த இடத்தை ஃபோன்ல ஏத்திக்கிட்டேன். நேரலையிலயே போட்டுக் காட்டி எல்லார் வாயையும் அடைக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

நிலையத்துல அம்மா தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து அப்பாவைப் பிடிச்சேன். "ஏம்பா, நீங்க சரியாத்தானே பாடினீங்க? எதுக்கு அம்மா பின்னாடி போனீங்க?"

அப்பா திருடன் மாதிரி முழிச்சார். "பதிவு அன்னிக்குப் பாட வேண்டிய பொண்ணு வரல. அப்பதான் எங்களுக்குக் கல்யாணமான புதுசு. உங்கம்மாவை நான்தான் வற்புறுத்தி மைக் முன்னாடி நிக்க வச்சேன். அவளுக்கு ஒரே பயம். நான் மட்டும் சரியாப் பாடினா தப்பு யாருதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடாதா?"

"அதுக்காக? உங்க பாட்டே போச்சேப்பா."

"போச்சுதான். ரொம்ப நாள் கஷ்டமா இருந்துச்சு. ஆனா அவ இன்னிக்கும் சமைக்கும்போது பாடுறாளே."

ஆனாலும் எனக்குக் கோபம் தீரல. ஃபோனைக் கையில பிடிச்சுக்கிட்டே அவங்க கூட உள்ள போய் உக்கார்ந்தேன்.

சிவப்பு விளக்கு எரிஞ்சுது. "சரி, பாட்டைக் கெடுத்தது யாரு?"ன்னு கேட்டான் தொகுப்பாளன். "இதுல என்ன சந்தேகம், இவர்தான்"னாங்க அம்மா. அப்பா தலையாட்டினார். நான் ஃபோன்ல அந்த இடத்தைத் தேடி எடுக்குறதுக்குள்ள அவன், "எங்க, ஒரு தடவை பாடுங்களேன்"னுட்டான்.

அப்பா பல்லவியை எடுத்தார். தொகுப்பாளன் சிரிக்கிறதை விட்டுட்டு நிமிர்ந்து உக்கார்ந்தான். அப்படி ஒரு சுத்தம். அப்புறம் சரணம் வந்துச்சு. அம்மா கண்ணை மூடி, முகமெல்லாம் சந்தோஷமா, கிடுகிடுன்னு மேல ஏறிட்டாங்க. அப்பா அவங்களை ஒரு பார்வை பார்த்தார். அவரும் ஏறிட்டார்.

நான் ஃபோனைப் பைக்குள்ள போட்டேன். நாற்காலியை மைக் பக்கம் இழுத்துப் போட்டு, அம்மா சுருதியைப் பிடிச்சு நானும் பாடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க மேஜையில கவுந்து கவுந்து சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

வெளிய வந்ததும் அம்மா என் தலையில செல்லமா ஒரு தட்டு தட்டினாங்க. "உங்கப்பா மாதிரியே உனக்கும் சுருதி நிக்க மாட்டேங்குதே."

"ஆமாம்மா, என் தப்புதான்"னேன்.