போரா இல்லையா என்று தெரியாமல் நின்ற கப்பல்

1861 கோடையில், வழக்கு ஒத்திவைக்கப்பட்ட மறுநாள் காலை, லெமுவெல் பிண்டரின் பாய்மரக்கப்பல் எங்கள் கீ வெஸ்ட் தீவின் துறைமுகத்தில் தண்ணீருக்கு ஒன்பது விரற்கடை மேலே அந்தரத்தில் நின்றது. தென்மாநிலங்கள் பிரிந்துபோனதும் வாஷிங்டன் அரசு அவற்றின் துறைமுகங்களைப் போர்க்கப்பல்களால் முற்றுகையிட்டது. காப்பி மூட்டைகளோடு தெற்கின் சவானா துறைமுகத்துக்குள் நுழையப் பார்த்த லெமுவெலை மடக்கிய கப்பலில் பீரங்கிக்காரன் அவருடைய சொந்தத் தம்பி ஆஸா. பவளப்பாறையில் மோதும் கப்பல்களைப் பங்குபோட்டே பிழைத்த ஊர் எங்களுடையது. அந்தப் பங்குச் சண்டைக்காகக் கோர்ட்டுக்கு நடந்து நடந்து ஆளுக்கு ஆள் பாதி வக்கீல். முற்றுகை என்பது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போர்ச்செயல் என்றார்கள். போர் என்றால் தெற்கு தனி நாடாகிவிடும். அதை அரசு ஒப்புக்கொள்ளாது. போர் இல்லை என்றால் கப்பலைப் பிடித்தது வழிப்பறி. போரை யாரும் அறிவித்திருக்கவும் இல்லை. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வாஷிங்டன் சொல்லட்டும் என்று எழுந்துபோனார். மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருந்த ஊர் இது. அதில் மட்டும் எங்களுக்குச் சட்டச் சிக்கல் எதுவும் தோன்றியதில்லை.

கப்பல் அப்படி அந்தரத்தில் மிதந்ததை இரண்டு நாள் வேடிக்கை பார்த்தோம். மூன்றாம் நாள், தண்ணீரில் இல்லாத கப்பலுக்குத் துறைமுக வரி உண்டா என்று அடித்துக்கொண்டோம். லெமுவெல் இறங்க மறுத்தார். இறங்கினால் கைதியாகவா, கப்பல்காரராகவா என்று யாராவது சொல்ல வேண்டுமாம். அவர் மனைவி கெசியா சங்குக்கறிக் குழம்போடு தினமும் படகில் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸாவும் கூடப் போய்க் கீழே நின்று கத்துவான்.

“இறங்கி வாண்ணே!”

“முதல்ல சொல்றா, நான் உனக்கு அண்ணனா, எதிரியா?”

“நீதிபதி சொல்லட்டும்ணே.”

“ஏன்டா, நம்மள நீதிபதியா பெத்தாரு?”

“ரெண்டு பேரும் வாய மூடுங்க,” என்பாள் கெசியா. “குழம்பு ஆறுது.”

அடுத்த வருஷம் மஞ்சள் காய்ச்சல் வந்தது. ஆஸா படுத்துவிட்டான் என்று கெசியா கீழிருந்து சொன்னதும், லெமுவெல் சட்டம் எதையும் கேட்காமல் கயிற்றைப் பிடித்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. தரையில் கிடந்த தம்பியைத் தோளில் தூக்கிவந்து கப்பலில் தன் அறையில் கிடத்தினார். பிழைக்க மாட்டான் என்று நாங்கள் அடித்துச் சொன்னோம். நாங்கள் சொன்னது எதுவும் அந்த வருஷம் பலிக்கவில்லை.

1863 மார்ச்சில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பு வந்தது. அறிவிக்காவிட்டாலும் போர் போர்தான், முற்றுகை செல்லும், கப்பல் அரசுக்கு. ஐந்து நீதிபதிகள் ஆமென்றார்கள், நான்கு பேர் இல்லையென்றார்கள். கப்பல் விழும் சத்தத்தைக் கேட்க ஊரே கரையில் கூடிக் காதைப் பொத்திக்கொண்டது. அது மெதுவாக ஐந்து விரற்கடை இறங்கி, மிச்சம் நான்கில் நின்றுவிட்டது.

“அண்ணே, ரெண்டு வருஷமா நாம எதிரிங்களாம்,” என்றான் ஆஸா.

“அப்படியா? சரி, அந்த உப்பை இப்படித் தள்ளு,” என்றார் லெமுவெல்.

ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. கடலில் இறங்காத கப்பலை யார் வாங்குவார்? அண்ணனும் தம்பியும் கெசியாவும் அதிலேயே குடியிருந்தார்கள். போர் எப்போது முடிந்தது என்பதிலும் எங்களுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை. கடற்பஞ்சு எடுக்கப் போகிறவர்கள் இன்றும் அந்த இடத்தில் கப்பலைச் சுற்றிக்கொண்டுதான் துடுப்பு போடுகிறார்கள்.