ஜூனி சொன்ன பதில்

"மேல் பட்டன்ப்பா! மேல!"

டெஸ்ஸா சொல்லி முடிப்பதற்குள் வெண்டல் கீழ்ப் பட்டனை அழுத்தியிருந்தார். திரையில் ஜூனி வேலியைத் தாண்டி ஓடுவதற்குப் பதிலாக, பொறுப்பாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வந்த பிணம் அவள் தோளில் வாய் வைத்தது. திரை சிவந்து இருண்டது.

"காலைலேர்ந்து நாலாவது தடவை கொன்னுட்ட." டெஸ்ஸா மூச்சுக்காக நிறுத்தினாள். "பாவம் அவ. உன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டா."

"பொணம் துரத்தும்போது எது மேல எது கீழன்னு யாருக்குடி தெரியும்?"

"சிலந்திக்கே அம்மாவக் கூப்பிடற ஆளு நீ."

செத்தவர்கள் எழுந்து நடந்து, இருப்பவர்களைத் தின்னும் வீடியோ கேம் உலகம் அது. அதில் பெற்றோரை இழந்த பதினோரு வயது ஜூனியை ஹாப் என்ற கிழட்டு லாரி டிரைவர் கண்டெடுத்து வளர்க்கிறான். இரண்டு வருடமாக டெஸ்ஸாதான் அவளை நடத்திக்கொண்டிருந்தாள். மூன்று முறை கதையை முடித்தும்விட்டாள். காலில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்கு ஏறி, கன்ட்ரோலரைப் பிடிக்கும் தெம்பும் விரல்களை விட்டுப் போன பிறகு, மூன்று வாரமாக அவள் வாயால் சொல்ல, வெண்டல் அழுத்துகிறார். இருபத்திரண்டு வருடம் நிலக்கரி லாரிகளுக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்த விரல்கள். ஒரு பட்டனைத் தொட்டால் இரண்டு அமுங்கும்.

டெஸ்ஸாவின் ஆஸ்பத்திரிக் கட்டில் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. ஆக்சிஜன் இயந்திரம் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. சமையலறையில் சர்ச் பெண்கள் கொண்டுவந்து குவித்த உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் சுட்ட கேசரோல் பாத்திரங்கள் மூடி திறக்கப்படாமல் இருந்தன. அதே சமையலறையில்தான் காலையில் நர்ஸ் பாட்ரிஸ் அவரை நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"இன்னைக்கோ நாளைக்கோதான், வெண்டல். சில பிள்ளைங்க பெத்தவங்களுக்காக இழுத்துப் பிடிச்சுட்டு இருக்கும். போலாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ரோண்டா நேத்தே சொல்லிட்டாங்க. உங்களத்தான் பாத்துட்டிருக்கா."

ரோண்டா மகளின் தலையைத் துடைத்துவிட்டபடியே, அழாமல் சொன்னாளாம். ரோண்டாவால் எதுவும் முடியும். வெண்டல் தலையை ஆட்டிவிட்டு, ஒழுகாத குழாயை இறுக்கினார். அந்த வீட்டுச் சுவர்கள் அட்டை. கூடத்தில் இருப்பவளுக்குக் காதும் நன்றாகக் கேட்கும். அது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"இன்னைக்கு மரமில்லு வரைக்கும் போயிடணும்," என்று டெஸ்ஸா பிடிவாதம் பிடித்ததும் அதன் பிறகுதான்.

பத்து மணிவாக்கில் ஜூனி மரமில்லுக்குள் நுழைந்தாள். ஹாப் கால் வீங்கித் தரையில் கிடந்தான். பிணம் கடித்துவிட்டது. தான் செத்து எழுந்தால் பிள்ளையைக் கடித்துவிடக் கூடாதென்று இடுப்புப் பெல்ட்டால் தன்னைத் தூணோடு கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ, குட்டி?" என்று கேட்டான்.

திரையில் மூன்று பதில்கள் வந்து நின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு தேயத் தொடங்கியது. அது தீர்வதற்குள் ஒன்றை எடுக்க வேண்டும்.

என்னை விட்டுட்டுப் போகாதே.
மருந்து தேடிட்டு வரேன்.
நீ தூங்கு, நான் சமாளிச்சுக்குவேன்.

வெண்டல் யோசிக்கவே இல்லை. நடுவில் இருந்ததை அழுத்தினார். ஜூனி மில் முழுக்க ஓடினாள். பெட்டி பெட்டியாகத் திறந்தாள், எல்லாம் காலி. மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது ஹாப் கண் வெளுத்து, பெல்ட்டை இழுத்து உறுமிக்கொண்டிருந்தான்.

"நீ அதத்தான் எடுப்பன்னு தெரியும்," என்றாள் டெஸ்ஸா. "எனக்கும் அப்படித்தான், மருந்து தேடி ஹூஸ்டன், சின்சினாட்டி, அந்த மூலிகைக்காரன்... ஹாப் தனியா செத்தான்ப்பா. அவ பக்கத்துல இல்ல."

வெண்டல் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "இது வெறும் கேம்டி."

"ஆமா, கேம்தான். திரும்பப் போடு."

திரும்பப் போட்டார். ஹாப் கேட்டான். கோடு தேய்ந்தது. இந்த முறை அவர் கட்டைவிரல் எந்தப் பக்கமும் நகரவில்லை. கோடு தீர்ந்தது. ஜூனி வாய் திறக்காமல் நின்றாள். ஹாப் இருமினான், பல்லைக் கடித்தான், பிறகு மறுபடி கேட்டான். "நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ, குட்டி?"

"ஒண்ணுமே சொல்லலைன்னா சாக மாட்டான்," என்றாள் டெஸ்ஸா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. "கேட்டுட்டே இருப்பான். ஒரு நாள் நான் ஒரு மணி நேரம் விட்டுப் பாத்தேன். வலிச்சுட்டே... கேட்டுட்டே."

வெண்டல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கம் திரும்பினால் உடைந்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"களைப்பா இருக்கு. நிறுத்தி வை. அப்புறம் நீயே போடு."

"நீ எழுந்ததும் சேந்து போடுவோம்."

"நீயே போடுப்பா," என்று சொல்லி டெஸ்ஸா கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு திறக்கவில்லை.

மதியத்துக்குள் மூச்சு மாறிவிட்டது. நாலைந்து வேகமாக வரும், அப்புறம் ஒன்றுமே வராது, மூவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், மறுபடி வரும். பாட்ரிஸ் நாக்குக்கு அடியில் மார்ஃபின் சொட்டுகளை விட்டாள். ரோண்டா ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தாள். வெண்டலுக்குத்தான் வேலை எதுவும் இல்லை. தலையணையை நகர்த்தினார், பழையபடியே வைத்தார்.

"கேக்குமா அவளுக்கு?"

"காதுதான் கடைசி வரைக்கும் இருக்கும். பேசுங்க," என்றாள் பாட்ரிஸ். ரோண்டாவைத் தோளில் தொட்டுச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

வெண்டல் பேசினார். பக்கத்து வீட்டு மெர்ல் மறுபடியும் கியர்பாக்ஸைக் கெடுத்துக்கொண்ட கதையைச் சொன்னார். சனிக்கிழமை கூடைப்பந்தில் நம்மவர்கள் கடைசி நொடியில் கோட்டைவிட்டதைச் சொன்னார். வேலியோர மரம் இந்த மார்ச்சில் சீக்கிரமே பூத்துவிட்டதென்றார். 'நீ போலாம்' என்பதை மட்டும் சொல்ல வரவில்லை. டெஸ்ஸாவின் புருவம் சுருங்கியது. கால் விரல்கள் போர்வையைப் பற்றின. மூச்சு நின்றது, மறுபடி தொடங்கியது. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு லாரியையே தூக்கி நிறுத்துகிற மனிதனுக்கு இரண்டு வார்த்தை தூக்க முடியவில்லை.

டி.வி.யில் ஹாப் உறைந்து கிடந்தான். அவனுக்கு எதிரே ஜூனி, கிழிந்த சிவப்புக் குல்லாவோடு, பதில் சொல்லாமல் நின்றாள்.

வெண்டல் கன்ட்ரோலரை எடுத்தார். சத்தத்தை முழுக்க ஏற்றினார். நிறுத்தியதைத் தொடங்கினார்.

"நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ, குட்டி?"

கோடு தேயத் தொடங்கியது. பாதி போனது. முக்கால் போனது. வெண்டல் இடது கையால் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூன்றாவது பதிலை அழுத்தினார். இந்த முறை விரல் தவறவில்லை.

"நீ தூங்கு," என்றாள் ஜூனி. சின்னப் பெண்ணின் குரல், நடுங்கினாலும் கூடம் முழுக்கக் கேட்டது. "நான் சமாளிச்சுக்குவேன்."

சமையலறை வாசலில் ரோண்டா வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

டெஸ்ஸா நாலேகாலுக்குப் போனாள். மூச்சு நின்றது, அவர்கள் காத்திருந்தார்கள், மறுபடி வரவில்லை, அவ்வளவுதான். பதினாலு வயது முடிய ஒன்பது நாள் பாக்கி. பாட்ரிஸ் நேரத்தைக் குறித்துவிட்டு ஆக்சிஜன் இயந்திரத்தை அணைத்தாள். அந்த வீட்டில் பல மாதத்துக்குப் பிறகு ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது.

இறுதிச்சடங்கு நிலையத்திலிருந்து கோட்டு போட்ட இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு வந்தார்கள். கட்டிலின் பக்கக் கம்பி சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது. ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சங்கடமாக நின்றார்கள். வெண்டல் தன் வேனிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து மண்டியிட்டு, நான்கு போல்ட்டையும் கழற்றி, கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அன்று அவர் கையால் ஆன காரியம் அதுதான். போல்ட்டுகளைத் தொலைந்துவிடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டி போன பிறகு ரோண்டா ரிமோட்டை எடுத்தாள். "அணைச்சிடவா?"

"இருக்கட்டும். அவ நின்னுட்டிருக்கா."

ரோண்டா ரிமோட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, கேசரோல் ஒன்றைச் சுடவைக்கப் போனாள்.

திரையில் ஹாப் அடங்கிய பிறகு கேம் ஜூனியை மில்லுக்கு வெளியே கொண்டுவந்து விட்டிருந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் நடத்தாததால் ஜூனி நின்ற இடத்திலேயே கால் மாற்றி நின்றாள், கைக்குள் ஊதிக்கொண்டாள். எதிரே வெள்ளையாக ரோடு கிடந்தது. வெண்டல் வெற்றுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டார். அவளை நாலு எட்டாவது நடத்திவிட வேண்டும் என்றிருந்தது.

கட்டைவிரல் கீழ்ப் பட்டனில் பட்டது. ஜூனி பொறுப்பாகப் பனியில் உட்கார்ந்துகொண்டாள்.

யாரும் அவரைத் திட்டவில்லை.